ஒயின்ஷாப்பில் ஒயின் கேட்டவர்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாவது வரை படித்தவள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிறவள். அதிலும் எழுதப்போவது மதுவைப் பற்றி. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்பிள்ளைக்கு இது அடுக்குமா என்று தோன்றுகிறவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்தால் எனக்குச் சமாதானம் ஆகாது போலிருக்கிறது.

எங்கள் சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு காலி பாட்டில் நிற்கிறது. கறுப்பா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். வெயில் படும்போது மட்டும் பச்சை. மற்ற வீடுகளில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் வீட்டில் கண்ணாடி பாட்டில் எதுவும் இருந்ததில்லை. அக்காவின் சட்டம் அது. மாமா இறந்த பிறகு அவள் வீட்டில் இருந்த பாட்டில்களை எல்லாம் சாக்கில் கட்டி வெளியே போட்டாள். ஊறுகாய் பாக்கெட், தேன் பிளாஸ்டிக் டப்பா, எண்ணெய் கவர். நான் வேலை செய்கிற கடையில் ஜாம் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். அதனால் எங்கள் வீட்டில் ஜாமும் கிடையாது. கண்ணாடியும் கண்ணாடியும் இடிபடுகிற சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். மாமா வீடு திரும்புகிற சத்தம் அது.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து சரக்கை மேலே தூக்கி, கரையில் மெதுவாக இறக்குகிற வேலை. அம்மா இறந்ததும் அக்கா வீட்டோடு வந்துவிட்ட என்னை, ஒரு நாளும் வேற்று ஆளாக அவர் நடத்தியதில்லை. காலையில் அவரைப் பார்த்தால் என்னைப்போலக் கூச்சப்படுகிற மனிதராக இருப்பார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேற்று ராத்திரி நடந்ததெல்லாம் யாரோ செய்தது போலத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வேறு ஆள். அந்த ஆளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு அவரைத் தெரியும், பெயர்தான் வேறு வேறு. அக்காவை அவர் அடித்ததில்லை. ஆனால் அடிக்காத குடிகாரனோடு வாழ்வது சுலபம் என்று அடிபடாத ஒருத்தி சொல்லிவிடக் கூடாது. அவள் அலுத்துப்போனாள். அலுப்பு அவள் முகத்தின் நிறமாகவே ஆகிவிட்டது.

ஒரு நாள் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். வாயில் வாடை இருந்தது, ஆனால் நடை நேராக இருந்தது. அக்கா வாடையோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்பதற்கு நான்தான் இருந்தேன். அன்று ஏதோ ஒரு தேசத்துக் கப்பலில் வின்ச் பழுதாகிவிட்டதாம். சரியாகிற வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், கப்பலின் சமையல்காரர் இவரைத் தங்களோடு சாப்பிட உட்கார வைத்தாராம். ரொட்டி, ஏதோ கறி, பக்கத்தில் தகரக் குவளையில் சிவப்பாக ஒயின். “ஒரு குவள பாப்பா. சாப்ட்டு முடிக்கிற வரிக்கும் அதே ஒரு குவள தான். பேசிகினே குடிக்கிறானுங்க, யாரும் சண்ட போடல, யாரும் வாந்தி எடுக்கல. கேப்டன் பொண்டாட்டி கூட குந்திகினு குடிக்குது. நானும் குடிச்சேன். குடிச்சேன், ஆனா குடிக்கல. புரியுதா ஒனக்கு?” எனக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினேன். “ஒரு தபா ஒங்க அக்காவும் நானும் அந்த மாதிரி குந்தி சாப்டணும்” என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார். அதை நான் அக்காவிடம் சொல்லப் பார்த்தேன். “குடிகாரன் சொல்ற கத எனக்கு வோணாம்” என்று முடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன் எத்தனையோ கதைகளைக் கேட்டவள் அவள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒயின் என்றால் அது திராட்சையில் செய்தது என்று யாருக்கும் தோன்றாது. பிராந்தி, ரம், விஸ்கி, எதுவானாலும் கடைக்குப் பெயர் ஒயின்ஷாப். ஒயின்ஷாப்புக்குப் போனான், ஒயின்ஷாப் வாசலில் விழுந்து கிடந்தான் என்றுதான் பேச்சு. நாங்கள் யாரும் ஒயினைப் பார்த்ததில்லை. அந்தச் சொல்லைத்தான் தினமும் பார்த்தோம்.

கல்லீரல் கெட்டுப்போய் மாமா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, கண் மஞ்சளாகி வயிறு வீங்கியிருந்தது. அக்கா ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, மூன்றாவதைத் தள்ளிவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்: “ஒரு மொடக்கு ஒயினு கெடைக்குமா?” அக்காவின் கை நின்றுவிட்டது. “இப்பவும் கட தானா?” என்றாள். டம்ளரை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. பிறகு அவர் பேசவே இல்லை. கட்டிய கணவன் கடைசியாகத் தன்னிடம் கேட்டது கடையைத்தான் என்கிற கசப்போடு அக்கா இத்தனை வருஷமாக வாழ்ந்து வந்தாள். அவர் எதைக் கேட்டார் என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது.

எங்களில் நினைவு நாளுக்குப் படையல் போடுவோம். போனவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைக்க வேண்டும். பிடித்தது பிராந்தி என்றால் பிராந்தியும் வைப்பார்கள், அதில் தப்பில்லை. அக்கா கறிக்குழம்பு, மீன் வறுவல், வடை, பீடிக்கட்டு எல்லாம் வைப்பாள். டம்ளரில் மட்டும் டீ ஊற்றுவாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அசையவில்லை.

அக்காவுக்கு ஒரே பையன். அப்பா போகும்போது ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துக்கொண்டிருந்தான். எண்ணூர் பக்கம் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஏஜெண்ட் மூலமாக ருமேனியாவில் கப்பல் கட்டுகிற இடத்துக்குப் போனான். இந்த வருஷம்தான் முதல் லீவு. அப்பாவின் நினைவு நாளைக் கணக்குப் பண்ணி வந்தான். வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்தான். சாக்லேட், சென்னையில் எந்த ஜென்மத்திலும் போட முடியாத ஒரு ஸ்வெட்டர் எனக்கு, கடைசியாக ஜீன்ஸுக்குள் சுற்றி வைத்த பாட்டில். “அம்மா, ஒயின் வாங்கினு வந்துகிறேன். அப்பா படையலுக்கு வெக்கலாம்னு.” அவன் ஒன்றைச் சொன்னான், அவள் வேறொன்றைக் கேட்டாள். சொல் அதே சொல்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டது போலவே அவளுக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் அப்படித்தான் போயிற்று. “அது வூட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சொல்லு அவன்கிட்ட” என்றாள் என்னிடம். அவன் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தான்.

பாட்டில் மாடிப்படிக்குக் கீழே, காலி தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. “அவன சாப்ட சொல்லு.” “அவன் துணி காய்ஞ்சிடுச்சா பாரு.” எல்லாம் என் வழியாகத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்கு போனில் அங்கே எடுத்த படத்தைக் காட்டினான். எங்கள் கடை மாதிரியே ஒரு சூப்பர் மார்க்கெட். ரொட்டி அடுக்குக்குப் பக்கத்திலேயே ஒயின் அடுக்கு. பிள்ளையைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு பெண்கள் பாலோடு சேர்த்து அதையும் எடுத்துப் போகிறார்கள். “எந்தத் தட்டில் இருந்தது?” என்று கேட்டேன். “கீழ்த்தட்டுல தான் சித்தி” என்றான். சிரித்துவிட்டேன். நாங்களும் விலை குறைந்த சாமானைக் கீழ்த்தட்டில்தான் அடுக்குவோம். குனிய மனசிருக்கிறவர்களுக்கு அது. அங்கே இவனோடு வேலை பார்க்கும் கிழவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாராம், அவர் வீட்டில் இதைத்தான் ஊற்றுவாராம். சொல்லி முடித்துவிட்டு, “சித்தி, அம்மாவ கேளு. அடுத்த லீவுக்கு நான் வரணுமா வோணாமா? வோணாம்னா அங்கேயே இருந்துக்கறேன்” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அவன் களைப்பாகச் சொன்னான்.

படையல் அன்று மத்தியானம் பெயிண்டர் வந்தார். துறைமுகத்தில் கப்பலுக்கு வர்ணம் அடித்தவர், மாமாவோடு தினமும் கடைக்குப் போனவர். இவர் இன்னும் போகிறார். அக்காவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனாலும் போனவருடைய கூட்டாளி வயிறு நிறைந்தால் போனவருக்குப் போய்ச் சேரும் என்று வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பாடு போடுவாள். அவர் வந்ததும் டம்ளரை எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, இந்த வருசமும் டீயா? மாமு, மேல கீற தோஸ்துங்க மூஞ்சில எப்டி முழிப்பாரு?”

“குந்து, துன்னு, கெளம்பு” என்றாள் அக்கா.

அக்கா மகனுக்கு எங்கிருந்தோ வீம்பு வந்தது. அவன் மறுநாள் விடியற்காலை விமானம் ஏற வேண்டும். “ஒயின் கீது நைனா. கீழ கீது” என்றான் பெயிண்டரிடம். பெயிண்டரின் கண் பளபளத்தது. “ஃபாரின் சரக்கா!” என்று அவரே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா கரண்டியோடு நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, “தொறந்து அந்த ஆளுக்கே பூராத்தையும் ஊத்த சொல்லு. தொலையட்டும். அப்பன மாதிரியே தோஸ்து புடிச்சிகிறான் பாரு” என்றாள்.

திறக்க முடிந்தால்தானே? மேல் உறையைக் கிழித்தால் உள்ளே தக்கை. அதை எடுக்கிற கருவி எங்கள் தெருவிலேயே யாரிடமும் இருக்காது. கதவுத் தாழ்ப்பாளிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, தக்கையில் முறுக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தான். பாட்டிலைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவன் முகம் சிவந்துபோனது. “கப்பலையே ஒட்ட வெக்கிறவன்டா நீ, ஒரு தக்கைய எட்க்க முடியல?” என்று பெயிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல். பாதித் தக்கை வெளியே வந்தது, பாதி தூள் தூளாக உள்ளே விழுந்தது. எல்லோரும் பாட்டிலுக்குள் எட்டிப் பார்த்தோம். அக்காவுக்குக் கசடு, தூசு எதுவும் பொறுக்காது. “இந்தா” என்று டீ வடிகட்டியை என் கையில் திணித்தாள். ருமேனியாவிலிருந்து வந்த ஒயினை டீ வடிகட்டியில் வடித்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம்.

“ஐஸு, சோடா ஒண்ணும் இல்லியா?”

“அதெல்லாம் போடக் கூடாது நைனா. ரூம் சூட்டுல தான் குடிக்கணும்.”

“நம்ம ரூம் சூட்டுல வெச்சா டீ ஆயிடும்டா. பேரு இன்னா இதுக்கு?”

“அந்தத் திராட்சைக்கு அவுங்க பாஷையில கருப்புப் பொண்ணுன்னு அர்த்தமாம்.”

“அப்ப நம்ம ஏரியா தான்!” என்று சொல்லிவிட்டு, பழக்கப்படி ஒரே மடக்கில் பாதி டம்ளரை வாயில் கவிழ்த்தார். நாங்கள் அவரையே பார்த்தோம். அவர் கிக் ஏறுவதற்காகக் காத்திருந்தார். முகம் மெதுவாகக் கோணியது.

“இன்னாடா இது, நாவப்பயத்த ஊற வெச்சி உப்பு போட மறந்த மாதிரி கீது? எப்ப ஏறும்?”

“ஏறாது நைனா. சோத்தோட மெல்ல மெல்லக் குடிக்கணும்.”

“சோத்துக்கு தான் ரசம் கீதேடா! இத்தயா ஏரோப்ளேன்ல தூக்கினு வந்தே?” டம்ளரைத் தள்ளி வைத்தார். அவர் ஒரு டம்ளரைத் தள்ளி வைத்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு தன் ஏமாற்றத்துக்குத் தானே சிரித்துக்கொண்டு சொன்னார்: “ஒங்க அப்பனுக்கு தான்டா இது லாயக்கு. ஒயின்ஷாப்ல போய் ஒயின் கேட்ட ஒரே ஆளு அவரு தான். வாரம் தவறாம கேப்பாரு. கடைக்காரன், போர்டுல தான் கீது, உள்ள இல்லன்னுவான். எல்லாரும் சிரிப்போம். ‘வந்துட்டாருடா ஒயினு’ன்னே பேரு.”

குழம்புச் சட்டியைத் தூக்கப்போன அக்கா அப்படியே நின்றாள். “இன்னா கேப்பாரு?”

“ஒயினு தான்க்கா. செவப்பு ஒயினு. கப்பல்ல எவனோ ஊத்திக் குட்த்தானாம். அன்னிலேர்ந்து ஒரே பேஜாரு. ஒரு பாட்லு கெட்ச்சா வூட்டுக்கு எட்த்துனு போணும், ஒன்னாண்ட குந்தி சாப்டணும்னு. அது இல்லன்னதும், சரி ஒரு குவாட்டரு குடுன்னு வாங்கிப்பாரு. அப்பால எங்க வூட்டுக்குப் போறது?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். முன்பு சொல்ல வந்து அவள் கேட்காமல் விட்டது அதுதான் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ரயில் ஒன்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனது. அது கடந்து முடிந்ததும், அவள் இலை முன்னால் இருந்த டீயை எடுத்துப் பெயிண்டர் கையில் கொடுத்தாள். வேறொரு டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி, மகனிடம் நீட்டினாள்.

“ஊத்து.”

அவன் வடிகட்டியைப் பிடித்தான். அவள் அதை மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் மறுபடியும் ஏற்றினாள். கும்பிடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள்.

படைத்ததைக் கொட்டக் கூடாது, வீட்டார் சாப்பிட வேண்டும். அதுவும் எங்கள் சட்டம்தான். ஆகவே அந்த டம்ளரும் எங்களுக்கே வந்தது. நான் வாழ்க்கையில் முதன்முதலாக மது குடித்தது, படையல் மிச்சமாக. மோந்து பார்த்தால் நாவல் பழம், மழையில் நனைந்த மரப்பெட்டி. வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு. வாழைக்காய்க் கறை பட்டது போல நாக்கு காய்ந்துபோனது. இதற்காகவா ஒரு மனிதர் இத்தனை வருஷம் ஏங்கினார் என்று நினைத்தேன். பிறகு ஒரு துண்டு கறியைத் தின்றுவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்தேன். அது வேறாக இருந்தது. துவர்ப்பு போய், காரத்துக்குக் கீழே ஏதோ மெத்தென்று விரித்த மாதிரி. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். கீழ்த்தட்டுச் சாமான்தான். ஆனால் ஒருவரோடு பேசிக்கொண்டே குடிக்கலாம் என்பது புரிந்தது.

அக்கா ஒரு வாய்தான் குடித்தாள். “தொவர்க்குது” என்றாள். பிறகு பெயிண்டரிடம், “இத்த குடிச்சா ஆளு செத்துப்பூடுவானா?” என்று கேட்டாள். “இது கடைல கெட்ச்சிருந்தா மாமு இன்னும் குந்திகினு இருப்பாரு. நான் வெறுத்துப் போய் குடியவே உட்டுருப்பேன்” என்றார் அவர், டீயை ஊதிக்கொண்டே. அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஒயின் கேட்டது உண்மை என்றால், இல்லை என்றதும் குவாட்டரை வாங்கியதும் உண்மை. ஆஸ்பத்திரியில் கேட்டது எது என்று இனி சொல்ல ஆளில்லை. ஆனால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்கிற இடம் அன்று அவளுக்குக் கிடைத்தது. அதற்குமேல் யாரால் எதைக் கொடுக்க முடியும்?

அவள் மகனைப் பார்க்காமல், அவன் இலையைப் பார்த்துக் கேட்டாள்.

“அங்க இத்த எப்பப்ப குடிப்பே?”

“ஞாயித்துக்கெயமம்மா. ஒரு டம்ளரு.”

“பொய் சொல்றே.”

“மெய்யாலுமே.”

“சோத்தோடயா?”

“சோத்தோட தான்.”

ஒரு மீன் துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். “எத்தினி மணிக்கு பிளேனு?” என்றாள். அந்த நேரத்தை அவன் என்னிடம் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கும் தெரியும். புதிதாகச் சொல்வது போல மறுபடி சொன்னான்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் அவன் கிளம்பிப் போனான். மீந்திருந்த ஒயின் காலையில் புளித்த காடி மாதிரி வாடை அடித்தது. அக்கா அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கழுவினாள். பழைய பேப்பர்காரர் வந்தபோது கொண்டுபோய் நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மாடல் எட்க்க மாட்டாங்கம்மா. குவாட்டர் பாட்லு கீதா?” என்று கேட்டார். இல்லை என்றாள். உள்ளே வந்து அதை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். நான் வேலைக்குப் போனேன், சேமியா லோடு வந்திருந்தது.